மக்கள் பள்ளி, கைத்தொழில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். சென்ற வருடம் ஆறு மாதம் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருந்தேன். அங்கே கிராண்ட் மரே என்ற ஏரிக்கரை ஊரில் 'நார்த் ஹவுஸ் ஃபோக் ஸ்கூல்' என்ற மக்கள் பள்ளி இருக்கிறது. படகு கட்ட, கூடை பின்ன, ரொட்டி சுட, மரம் செதுக்கக் கற்றுத்தருகிறார்கள். பரீட்சை கிடையாது. நான் ஒரு மரக்கரண்டி செதுக்கினேன். படம் இணைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததிலிருந்து சென்னையில் இப்படி ஒன்று தொடங்கவேண்டும் என்ற நினைப்பு விடவில்லை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். மண்பாண்டம், பனையோலை, மூங்கில், கோரைப்பாய், இயற்கைச் சாயம் என்று பன்னிரண்டு வகுப்புகளுக்குத் திட்டம் போட்டாயிற்று. சனி, ஞாயிறு மட்டும். முடிவில் சான்றிதழ். எங்கிருந்து தொடங்குவது? "பழங்காலத்து ஆசை, நாலு மாசத்தில் தணிந்துவிடும்" என்கிறார் அப்பா. அப்படித்தானா?

க., சென்னை

அன்புள்ள க.,

கரண்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியின் ஒரு பக்கம் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது. அதைத் தேய்த்து மறைக்காமல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

உங்கள் ஆசை நல்ல ஆசை, தயங்க வேண்டாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு வகுப்புத் திட்டத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

நீங்கள் பார்த்த பள்ளியின் வேர் டென்மார்க்கில் இருக்கிறது. அங்கே தொடங்கியபோது கூடையும் கரண்டியும் முக்கியமாக இருக்கவில்லை. கிருண்ட்விக் என்ற பாதிரியார், கவிஞரும்கூட, லத்தீனை உருப்போடவைக்கும் பள்ளிகளைச் சாவுக்கான பள்ளிகள் என்றே சொன்னார். உழவர் வீட்டுப் பிள்ளைகள் தாய்மொழியில் பேசி, கேட்டு, சேர்ந்து பாடி வளர ஓர் இடம் வேண்டும் என்று எழுதினார். அந்த எண்ணத்தில் முதல் பள்ளி 1844-ல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கியது. 1864 போரில் டென்மார்க் தோற்று, அந்த ஊர் இருந்த பகுதியே ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கைக்குப் போனது. மறுவருடமே புது எல்லைக்கு வடக்கே ஆஸ்கோவில் பள்ளியைத் தொடர்ந்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய நாள்கணக்கு. வயலில் வேலை இல்லாத குளிர்காலத்தில் ஐந்து மாதம் ஆண்களுக்கு, கோடையில் மூன்று மாதம் பெண்களுக்கு. எல்லாரும் அங்கேயே தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டார்கள். உழவனின் வருடம் எப்படி ஓடுகிறதோ அதற்குப் பள்ளி வளைந்து கொடுத்தது.

கைத்தொழில் அமெரிக்காவில்தான் அழுத்தமாக உள்ளே வந்தது. ஆலிவ் டேம் கேம்பல் என்ற பெண்மணி ஸ்காண்டிநேவியப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து, 1925-ல் வட கரோலினா மலைப்பகுதியில் பிராஸ்டவுன் என்ற ஊரில் ஒன்றைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், உடலுழைப்பும் கொடுத்தார்கள். அந்த ஊர்க் கடைவாசலில் ஆண்கள் பொழுதுபோகாமல் உட்கார்ந்து பேனாக்கத்தியால் பெஞ்சையே சீவிக்கொண்டிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கைகளிடம் நல்ல மரத்துண்டுகளைக் கொடுத்தார். பிராஸ்டவுன் மரச்சிற்பிகள் என்று பின்னால் பெயர் வாங்கியவர்கள் அவர்கள்தான்.

உங்கள் ஊரில் அந்தப் பெஞ்சு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கொசப்பேட்டையில் கொலுபொம்மையும் பிள்ளையாரும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வடக்கே பழவேற்காட்டில் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். மேம்பாலத்தடியில் மூங்கில் பிளந்து கூடை பின்னுகிற குடும்பத்தை வேலைக்குப் போகும் வழியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இவர்களில் ஒருவரை, ஒருவரை மட்டும், போய்ப் பாருங்கள். வகுப்பு எடுக்கக் கூப்பிடாமல் ஒரு மாதம் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். "உங்களுக்கு வேலை இல்லாத மாதம் எது?" என்று கேளுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் முன்னால் பொம்மைக்காரருக்குத் தலை தூக்க நேரம் இருக்காது. தைக்கு முன்னால் குயவருக்குப் பொங்கல்பானை. ஐப்பசி மழையில் வனைந்த பானை காயாது. உங்கள் சனி, ஞாயிறுக்காக அவர் பிழைப்பைத் தள்ளிவைக்க முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் நகரத்தில் ஒரு மண்பாண்டப் பயிலரங்கைத் தொடங்கிவைத்துப் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டணம், இருபத்தைந்து பேர். நானும் கைத்தொழிலின் மேன்மை பற்றி அரைமணிநேரம் பேசினேன். எல்லாரும் கற்றுக்கொடுக்க வந்த குயவர் பெரியவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் அவர் சக்கரத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார். எங்களுக்கு உள்ளே மேசை போட்டு இலை விரித்திருந்தது. அவருக்குக் கொடுத்தது எண்ணூறு ரூபாயும் ஆட்டோ காசும் என்று பிறகு தெரிந்தது. நான் எழுந்து போய் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

நம் ஊரில் கைத்தொழில் என்று வாய் திறந்தால் சாதி கூடவே வந்து நிற்கும். யார் பானை வனைவது, யார் கூடை முடைவது, யார் தோல் தொடுவது என்று பிறப்பை வைத்துப் பிரித்துவைத்த சமூகம் இது. அந்தப் பெரியவரின் பேரன் சக்கரத்தைத் தொட மறுக்கிறான் என்றால், மண் பிடிக்காமல் போனதால் இருக்காது. அந்த மண்ணோடு சேர்த்து வந்த அவமானத்திலிருந்து தப்பிக்கிறான். அவனைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆகவே உங்கள் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறவர் 'மாஸ்டர்', 'ஐயா', 'அம்மா'. கட்டணத்தில் முதல் பங்கு அவருக்கு. அவர் வீட்டுப் பிள்ளைகள் பணம் கட்டாமல் எதையும் கற்கலாம், உங்களிடம் கணினியும்கூட. சாப்பாடு ஒரே பந்தி. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் முறைவைத்து எல்லாரும். இதில் பிசகினால் பள்ளியை மூடிவிடலாம்.

இடத்துக்கு அலையாதீர்கள். முதல் வருடம் மொட்டைமாடி போதும். நாலு நாள் தங்கிக் கற்கும் ஏற்பாடு வேண்டுமென்றால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். சமையலறை, பாத்திரம், படுக்க அறை எல்லாம் அங்கேயே இருக்கும். வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

சான்றிதழ் வேண்டாம். அதைக் கொடுத்தால் அதற்காகவே நாலு பேர் வருவார்கள்.

முடிந்தால் ஒருமுறை திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளநாட்டுக்குப் போய்வாருங்கள். டென்மார்க் மரபிலிருந்து ஊக்கம் பெற்று கே. விஸ்வநாதன் 1956-ல் தொடங்கிய மித்ரநிகேதன் என்ற கல்வி நிலையம் அங்கே இருக்கிறது.

எங்கள் ஆச்சி பனையோலைப் பெட்டி முடைவாள். கிழித்த ஓலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, சாயங்காலம் ஒரு கீற்றை உருவி ஆள்காட்டி விரலில் சுற்றிப் பார்ப்பாள். முறியாமல் சுற்றினால் வேலை தொடங்கும். முறிந்தால் மறுபடி துணிக்குள். அந்த நேரத்தில்தான் தெருப்பெண்கள் வந்து உட்காருவார்கள். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் கடனை யார் அடைக்கவில்லை என்ற பேச்சோடு நாலு பெட்டி முடிந்திருக்கும். எட்டு வயதில் எனக்குப் பெட்டியின் அடி முடையக் கற்றுக்கொடுத்தாள். அடியை முடித்து ஓலையை மேலே மடக்கி மூலை திருப்புவது கஷ்டமான இடம். அதற்குள் என்னை விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ஆச்சி போய் முப்பது வருடம் ஆகிறது.

நீங்கள் ஓலையில் தொடங்குவதாக இருந்தால் எனக்கும் ஒரு இடம் வையுங்கள். கட்டணம் கட்டிவிடுகிறேன். எனக்கு மூலை திருப்பவேண்டும்.

அன்புடன்