பொதுப்பணத்தில் இயங்கும் ஒளிபரப்பு நிறுவனத்தில் ஊழியர் சம்பளச் சீர்திருத்தம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஒருவருடைய சம்பளத்தை நிர்ணயிக்கும் அன்றே, இந்தத் தொகை எதற்காக என்ற காரணத்தைக் கோப்பில் எழுதி வைப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். பல ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருப்பதால், பிபிசியில் நடந்ததை அந்தக் கண்ணோடு கவனித்து வந்திருக்கிறேன்.

ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் பெறும் தொகுப்பாளர்களின் பட்டியலை, தான் இயங்க அடிப்படையான அரச சாசனத்தின் நிபந்தனைப்படி, பிபிசி 2017 ஜூலையில் வெளியிட்டது. சீனா பற்றிய செய்திகளுக்கான ஆசிரியர் கேரி கிரேசியின் பெயர் அதில் இல்லை. அவருக்கு நிகரான பொறுப்பில் இருந்த இரண்டு ஆண்களின் பெயர்கள் இருந்தன. 1,35,000 பவுண்டு பெற்றுவந்த அவருக்கு 45,000 கூட்டித் தர நிர்வாகம் முன்வந்தபோது, தாம் கேட்பது உயர்வு அன்று, சமத்துவம் என்று மறுத்து, 2018 ஜனவரியில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு நிலுவையையும் கொடுத்தது.

என்னை அதிகம் பாதித்தது பிபிசி தொகுப்பாளர் சமீரா அகமதின் வழக்கு. நேயர்களின் கருத்துகளை அலசும் பதினைந்து நிமிட நிகழ்ச்சிக்கு அவர் பெற்றது 440 பவுண்டு. அதேபோன்ற இன்னொரு நிகழ்ச்சிக்கு ஆண் தொகுப்பாளரான ஜெரமி வைன் பெற்றது 3,000 பவுண்டு. அந்நிகழ்ச்சிக்குக் குறும்பு மிளிரும் நடை தேவைப்பட்டது என்று நிர்வாகம் வாதிட்டது. வாசிக்கும் பிரதியில் கண்ணை உருட்டும்படி எழுதியிருந்தால் வைன் உருட்டினார், அதற்குத் தனித் திறமை தேவையில்லை என்று தீர்ப்பாயம் 2020 ஜனவரியில் சமீராவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சம்பளத்தை வரையறுக்க ஒளிவுமறைவற்ற, சீரான முறை இல்லாததே நிர்வாகத்தின் இக்கட்டுக்குக் காரணம் என்றும் சுட்டிக்காட்டியது.

இதை நான் நேரிலும் கண்டிருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓரிடத்தில், பழைய நிறுவனத்தின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதன்மேல் இத்தனை விழுக்காடு என்று கூட்டிப் போடுவார்கள். அருகருகே அமர்ந்து ஒரே வேலையைச் செய்த இருவருக்கு இடையிலான வித்தியாசத்தை, மாதந்தோறும் அந்தச் சீட்டுகளை அச்சிட்ட என்னாலேயே விளக்க முடிந்ததில்லை.

ஆகவே பெரும்புள்ளிகளின் தொகையை வெளியிடுவது மட்டும் போதாது. ஒவ்வொரு பதவிக்கும் உரிய சம்பள வரம்பை அந்தப் பதவியில் இருக்கும் அனைவரும் பார்க்க முடிய வேண்டும். வரம்பை மீறினால், மீறியதற்கான காரணம் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். பிபிசியின் வணிகப் பிரிவான ஸ்டூடியோஸ் வழியாகத் தரப்படும் ஊதியம் அந்த ஆண்டறிக்கைப் பட்டியலில் வருவதில்லை. அந்த வாசலையும் அடைக்க வேண்டும்.