இரும்புக் குளிசையும் பால் தேத்தண்ணியும்

கேள்வி: மகள் தேசிய அணித் தெரிவுக்காக 5000 மீற்றர் ஓடுகிறா. கூட ஓடுபவர்கள் சொல்லி இரும்பு, கல்சியம், மல்ரிவிற்றமின் மூன்றையும் காலைச் சாப்பாட்டோடு போடுகிறா. மூன்று மாதமாகியும் களைப்புத் தீரவில்லை. அளவைக் கூட்டலாமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: கூட்டவேண்டாம். குளிசையோடு என்ன குடிக்கிறா என்று முதலில் பாருங்கள். பால் தேத்தண்ணி என்றால் இரும்பில் நல்ல பங்கு வீண். தேயிலைச் சாயம் அதைக் கட்டிப்போடும். கல்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். இரும்பைத் தனியே, தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, தேசிக்காய்த் தண்ணியோடோ கொய்யாப்பழத்தோடோ எடுக்கட்டும். கல்சியத்தை இரவுக்குத் தள்ளுங்கள். கடும் பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணித்தியாலத்தில் ஹெப்சிடின் என்ற ஓமோன் உயர்ந்து இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆகவே பின்னேரப் பயிற்சிக்குப் பிறகு இரவில் போடுவதைவிடக் காலையே நல்லது.

அதுசரி, இரும்பு குறைவென்று யார் சொன்னது? ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. அது சரியாக இருக்கும்போதே சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம். இரண்டையும் சோதியுங்கள். காய்ச்சல் நேரத்திலோ கடும் ஓட்டத்துக்கு மறுநாளோ இரத்தம் கொடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். குறைவில்லை என்றால் குளிசையை நிறுத்தலாம். மிஞ்சிய இரும்பு ஈரலில்தான் படியும். மாதவிடாய் அதிகமா, சாப்பாடு போதுமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று: லேபலில் இல்லாத தடைப்பொருள் போத்தலுக்குள் கலந்திருந்தாலும், ஊக்கமருந்துச் சோதனையில் பொறுப்பு ஓடுபவருக்கே. உற்பத்தித் தொகுதி (batch) வாரியாகப் பரிசோதித்த முத்திரை உள்ளதையே வாங்குங்கள். தொகுதி இலக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.