வங்கிப் புத்தகம் யார் கையில்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 28 வயது. ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்பில் கிராஃபிக்ஸ் வேலை செய்கிறேன். நானும் நான்கு நண்பர்களும் சேர்ந்து மலையகத்துக்கென்று ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுக்கப் போகிறோம். ஹீரோ ஒரு தோட்டத்துப் பையன். கொழுந்தெடுக்கும்போது அம்மா உடுப்புக்கு மேல் கட்டும் படங்கை முதுகில் கட்டிக்கொண்டு பறப்பான். மொத்தச் செலவு 45 லட்சம் ரூபாய், என் பங்கு 9 லட்சம். அம்மாவுக்கு ஓய்வுகாலச் சேமிப்பான ஈ.பி.எஃப் காசு வந்திருக்கிறது, கிட்டத்தட்ட அதே தொகை. அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். வங்கிப் புத்தகம் அவரிடம்தான் இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. பிரச்சினை என் அக்காதான். சினிமாவில் போட்ட காசு திரும்பாது என்று சண்டை பிடிக்கிறாள். அயன் மேன், அவெஞ்சர்ஸ் படங்களை எடுத்த மார்வெல்கூடக் கடன் வாங்கித்தானே தொடங்கியது? ரிஸ்க் எடுக்காமல் யார் முன்னுக்கு வந்தார்கள்? அக்காவை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: தம்பி, என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் அக்காவைச் சமாதானப்படுத்த நான் வழி சொல்லப்போவதில்லை. அவள் சொல்வது சரி. அந்தப் பேச்சை அத்தோடு விடுவோம்.

எனக்கு உறுத்துவது வேறு. உன் கடிதத்தில் அம்மா இரண்டு இடத்தில் வருகிறாள். ஓரிடத்தில் படங்காக, இன்னோரிடத்தில் காசாக. ஒரு மனுஷியாக எங்கேயும் வரவில்லை. காசு அவளுடையது, சம்மதம் அப்பாவுடையது. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வசனத்தில் எழுதிவிட்டு, நடுவில் ஒன்று விடுபட்டிருக்கிறதே என்று உனக்குத் தோன்றவே இல்லையா? அம்மாவின் பெயர் போட்ட புத்தகம் ஏன் அப்பாவிடம் இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? காசு எடுக்கும் துண்டில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா நீட்டுவார், அவள் எதற்கென்று கேட்காமல் போடுவாள். அதைத்தான் நீ "பிரச்சினை இல்லை" என்கிறாய்.

நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். சம்பள நாளில் என் அம்மாவின் சம்பளத்தையும் சேர்த்து அப்பாதான் வாங்கி வருவார். எங்கள் தோட்டத்தில் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் அதுதான் வழக்கம். துரைக்கும் அது ஒரு விஷயமாகப் பட்டதில்லை, கணக்கப்பிள்ளைக்கும் இல்லை. அப்பா கெட்டவர் இல்லை, குடிக்கவும் மாட்டார். ஒரு நாள் டவுனுக்குப் போக அம்மா பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாசலில் நின்றாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அப்பா சட்டைப் பையிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுத்து, மிச்சத்தைக் கொண்டுவா என்றார். அது அவளுடைய சம்பளம். சாயங்காலம் அம்மா மிச்சத்தைக் கொண்டுவந்தும் கொடுத்தாள்.

நீ படித்தவன், கம்ப்யூட்டரில் மலையையே நகர்த்துகிறவன். ஆனால் உன் வீட்டிலும் அந்தச் சட்டைப் பைதான் நடக்கிறது.

சரி, மார்வெலுக்கு வருவோம். நீதானே இழுத்தாய். பாதிக் கதையைத் தெரிந்துகொண்டு பேசுகிறாய். 1996இல் மார்வெல் வங்குரோத்தாகி நீதிமன்றத்துக்குப் போன கம்பனி. 2005இல் தானே படம் எடுக்க மெரில் லிஞ்ச் என்ற நிதிக் கம்பனி மூலம் 52.5 கோடி டொலர் கடன் ஏற்பாடு செய்தது. அதற்கு எதை அடகு வைத்தது தெரியுமா? கப்டன் அமெரிக்கா, பிளாக் பாந்தர் உட்பட 10 பாத்திரங்களின் சினிமா உரிமையை. படங்கள் தோற்றிருந்தால் அந்த உரிமைகள் கடன் கொடுத்தவரிடம் போயிருக்கும். கம்பனி காமிக்ஸ் அச்சடித்தும் பொம்மைக்குப் பெயர் கொடுத்தும் பிழைத்திருக்கும். 2008இல் அயன் மேன் படத்தை ஏறத்தாழ 14 கோடி டொலரில் எடுத்தார்கள், 58 கோடிக்கு மேல் வசூலானது. அடுத்த வருஷமே டிஸ்னி 400 கோடி டொலர் பேசிக் கம்பனியையே வாங்கிக்கொண்டது.

தாளில் வரைந்த ஆட்களை அடகு வைத்தார்கள், தம்பி. ஹட்டன் அடகுக் கடைக்குத் தோட்டைக் கழற்றிக் கொண்டுபோகிற பெண்ணுக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும்: மீட்க முடியாமல் போனாலும் நாளைக்கு அடுப்பு எரிய வேண்டும். நீ கொண்டுபோவது அவள் அடுப்பையே.

ஜெயித்த படங்களை மட்டும் பார்ப்பது உன் வயதில் எல்லோருக்கும் உள்ள வியாதி. 2019இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் ஏறத்தாழ 280 கோடி டொலர் வசூலித்ததை நீ தூக்கத்திலும் சொல்வாய். அதே கம்பனி 2023 நவம்பரில் 'த மார்வெல்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டது. எடுத்த செலவு 20 கோடி டொலருக்கு மேல், உலகம் முழுக்க வசூல் 20.6 கோடி அளவு. போட்டது வந்துவிட்டதே என்று நினைக்காதே. வசூலில் கிட்டத்தட்டப் பாதி தியேட்டர்காரருக்குப் போகும். விளம்பரச் செலவு தனி. அதனால்தான் எடுத்த செலவைப் போல இரண்டரை மடங்காவது வசூலானால்தான் தப்பலாம் என்று அந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உன் 45 லட்சத்துக்கு ஒரு கோடியே 12 லட்சத்துக்கு மேல் வசூலாக வேண்டும். இந்தியாவிலிருந்து வருகிற நட்சத்திரப் படங்களுக்கு நடுவில், இங்கே எடுத்த தமிழ்ப் படத்துக்கு எத்தனை காட்சி கொடுப்பார்கள் என்று ஒரு தியேட்டர்காரரிடமாவது கேட்டாயா? உன் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

ஒரு முறை ஜெயித்தவனுக்கும் இதில் உத்தரவாதம் கிடையாது. ஜோக்கர் படத்தை 2019இல் 7 கோடி டொலருக்குள் எடுத்து 100 கோடிக்கு மேல் அள்ளினார்கள். அதன் இரண்டாம் பாகத்துக்கு 20 கோடி அளவில் கொட்டினார்கள். 2024இல் வந்தது, வசூலும் 20 கோடி அளவில் நின்றுவிட்டது. அதே இயக்குநர், அதே நடிகர்.

இன்னும் ஒன்று கேள். 2022 ஓகஸ்டில் வோர்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்ற பெரிய சினிமாக் கம்பனி, படப்பிடிப்பு முடிந்த 'பேட்கேர்ள்' என்ற சூப்பர் ஹீரோ படத்தை வெளியிடாமலே மூடி வைத்தது. செலவு ஏறத்தாழ 9 கோடி டொலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. மேலும் செலவழித்து வெளியிடுவதைவிட, நட்டம் என்று எழுதி வரியில் கழித்துக்கொள்வது மேல் என்று பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு வாசல் இருக்கிறது. ஒரு படம் விழுந்தால் தாங்க இன்னொரு படம், தொலைக்காட்சி என்று வேறு வருமானங்களும் இருக்கின்றன. உன் அம்மா இந்த 9 லட்சத்தை எந்த வரியில் கழிப்பாள்?

கிராஃபிக்ஸ்காரனான உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவன் நடந்து போகிற காட்சியை எடுத்தால் எடுத்ததுதான். பறக்கிற காட்சி அப்படியா? தலைமுடி அசையவில்லை, நிழல் பிசகிவிட்டது, மூடுபனி பொய்யாகத் தெரிகிறது என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெரிய கம்பனிகளுக்கே செலவு வீங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. உன் 45 லட்சம் எடிட்டிங்குக்கு வரும்போது 60 ஆகும். அப்போது நண்பர்கள் ஐந்து பேரும் மறுபடி பங்கு போட வேண்டும் என்று பேச்சு வரும். நீ எங்கே போவாய்? புத்தகத்தில் ஒன்றும் இருக்காது.

இனி அந்த 9 லட்சத்தைப் பார். ஈ.பி.எஃப்புக்குச் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், தோட்டம் 12 வீதம் போடும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானபோது அம்மாவிடம் வெட்டியது நாளைக்கு 80 ரூபாய். அதற்கு முந்திய வருஷங்களில் அதைவிடக் குறைவு. பறித்த கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாளில் அந்த வெட்டும் குறைந்திருக்கும். மார்வெல் வங்குரோத்தான வருஷத்தில் அவள் ஏற்கனவே கூடை சுமந்துகொண்டிருந்திருப்பாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, உன்னைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலையேறியவள். இப்போதும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாளா? நீ எழுதவில்லை. போகிறாள் என்றால் ஏன் போகிறாள் என்று யோசி. கையில் 9 லட்சம் இருக்கிறவள் எதற்குப் போகிறாள்?

நான் பழைய ஆள். வேலைக்குப் போகிற மகன் தாயின் கடைசிக் காலக் காசில் கை வைக்கக் கூடாது என்று நினைக்கிறவள். படிப்புக்கு என்றால் வேறு, வைத்தியத்துக்கு என்றால் வேறு. கனவுக்கு உன் சம்பளம் இருக்கிறது. அப்பா சம்மதித்தார் என்று இன்னொரு முறை சொல்லாதே. இல்லாத உரிமையை அவர் தந்தார், நீயும் வாங்கிக்கொண்டாய்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன், படங்கு நல்ல யோசனை. இத்தனை நாளாக யாருக்கும் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாக இருக்கிறது. ஆனால் படங்கை முதுகில் கட்டுவதில்லை, தம்பி, இடுப்பில். மழையில் நனைந்தால் அது என்ன பாரம் என்று தெரியுமா? அம்மாவின் படங்கை ஒரு நாள் நனைத்துக் கட்டிக்கொண்டு சரிவில் நின்று பார். பறக்கிற எண்ணமே வராது. அந்தப் பையன் பறக்காமல் இருக்கட்டும். பறக்காத ஹீரோவுக்குக் கிராஃபிக்ஸ் செலவும் இல்லை. ஐந்து பேரிடமும் போன் இருக்கும். பத்து நிமிஷப் படமாக எடுங்கள், கோயில் திருவிழாவில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுங்கள். சனம் ரசித்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு, காசு உள்ளவனிடம் காசு கேள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போ. அக்காவும் இருக்கட்டும். அப்பாவிடமிருந்து புத்தகத்தை வாங்கி, எல்லோரும் பார்க்க அம்மா கையில் கொடு. 'த மார்வெல்ஸ்' படத்தின் அந்த 20.6 கோடிக் கணக்கை அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல். காசு கேட்காதே. நீ கேட்டால் அவள் தந்துவிடுவாள், அதனால்தான் கேட்காதே என்கிறேன். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அப்புறம் எனக்கு ஒரு வரி எழுது. புத்தகத்தை அம்மா எங்கே கொண்டுபோய் வைத்தாள்? சாமிப் படத்துக்குப் பின்னாலா, சேலைகளுக்கு அடியிலா, அரிசி டின்னுக்குள்ளா?