ஏசி/டிசி மாதிரி கிட்டார் ஒலி வர எந்த டிஸ்டார்ஷன் பெடல் வாங்கலாம்?

கேள்வி: "என்னிடம் ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) உள்ள எலெக்ட்ரிக் கிட்டார், வீட்டில் வாசிக்கிற சின்ன ஆம்ப், ஒரு டிஸ்டார்ஷன் பெடல் மூன்றும் இருக்கின்றன. ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' பாடலின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) வாசித்தால் தேனீக்கூட்டம் இரைவது போலத்தான் கேட்கிறது. ஏசி/டிசி போன்ற பழைய ஹார்ட் ராக் இசைக்குழுக்களின் கனமான ஒலிக்கு எந்தப் பெடல் வாங்க வேண்டும்?"

எந்தப் பெடலும் வாங்க வேண்டாம். இருக்கிற பெடலை அணைத்துவிடுங்கள். ஆம்பில் கெயின் குமிழை (சிக்னலைப் பெருக்கிக் கரகரப்பை ஏற்றும் குமிழ்) பாதிக்கும் கீழே இறக்குங்கள். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் வைத்து ஒரு சாதாரண ஓபன் ஏ கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) கொஞ்சம் அழுத்தி அடித்துப் பாருங்கள். 'என்ன இது, இவ்வளவு சாதுவாக இருக்கிறதே' என்று தோன்றும். ஏசி/டிசி ஒலி அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

நான் ஒரு பேண்டில் ரிதம் கிட்டார் வாசிக்கிறவன். இந்த விஷயம் எனக்கு மிகவும் நெருக்கமானது, அதனால் பதில் நீளமாகத்தான் வரும். சுருக்கமாக வேண்டுமென்றால் இதுதான்: பழைய ஹார்ட் ராக் பதிவுகளில் நாம் டிஸ்டார்ஷன் என்று நினைப்பதில் பெரும்பகுதி ஆம்பின் சத்தமும், வாசிப்பவரின் கையும், இரண்டு கிட்டார்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட வேலையும்தான்.

'பேக் இன் பிளாக்' பாடலை ஹெட்போனில் போட்டு முதலில் ஒரு காதில் மட்டும் கேளுங்கள், பிறகு மற்றொரு காதில். ஒரு பக்கம் ஏசி/டிசியின் லீட் கிட்டார்காரர் ஆங்கஸ் யங், மறுபக்கம் ரிதம் வாசித்த அவருடைய அண்ணன் மால்கம் யங். ரிஃபின் அடிப்படை ஈ, டி, ஏ என்ற மூன்று கார்டுகள். கிட்டார் கற்கும் எல்லோரும் முதல் மாதத்திலேயே பிடிக்கிற கார்டுகள். ஒவ்வொரு கார்டிலும் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பிகளை வரிசையாகத் தொட்டுப்போவது தனித்தனியாகக் காதில் விழும். ஒரு கார்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழு நிசப்தம். அந்த நிசப்தம் இருப்பதால்தான் அடுத்த அடி நெஞ்சில் இறங்குகிறது. கெயினை ஏற்றிவிட்டால் அந்த இடைவெளியில் ஹிஸ் சத்தமும் கம்பிகளின் மிச்ச அதிர்வும் வந்து நிரம்பிவிடும். அடியின் கூர்மையும் போய்விடும்.

இரைச்சல் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் இனி எந்த விளம்பரமும் உங்களை ஏமாற்றாது. டிஸ்டார்ஷன் என்றால் ஒலி அலையின் உச்சியையும் அடியையும் வெட்டுவது. ஒற்றைச் சுரத்தை வெட்டினால் அதன் மடங்குகளான மேல் அதிர்வெண்கள் சேரும். கேட்க நிறைவாக இருக்கும். இரண்டு சுரங்களைச் சேர்த்து வெட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்களும் பிறக்கும். ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ள ஈ ஏறத்தாழ 165. கழித்தால் 55, அதாவது அதே ஏ ஒரு ஸ்தாயி கீழே. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சொன்னால், ச-ப மட்டும் சேர்ந்து ஒலித்தால் கழித்தலில் கீழ் ஸ்தாயி ஷட்ஜம் கிடைக்கிறது. பவர் கார்டு (ச-ப மட்டும் கொண்ட கார்டு) எவ்வளவு கெயினையும் தாங்குவது இதனால்தான். முழு மேஜர் கார்டு அடிக்கும்போது அந்தர காந்தாரமும் உள்ளே வருகிறது. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் அமைந்திருக்கும் கணக்கில் அந்தக் காந்தாரம் இயல்பான இடத்தைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேலே நிற்கிறது. கெயின் குறைவாக இருக்கும்வரை காது அதைப் பொருட்படுத்தாது. கெயினை ஏற்றினால் அந்தப் பிசகிலிருந்து பிறக்கும் அதிர்வெண்கள் எதனோடும் ஒட்டாமல் ஒன்றோடொன்று மோதும். நீங்கள் சொன்ன இரைச்சல் அதுதான். ஏசி/டிசி பாடல்களில் ஓபன் கார்டுகள் ஏராளம். 'ஹைவே டு ஹெல்' ரிஃபும் ஏ, டி, ஜி கார்டுகளைச் சுற்றித்தான் போகிறது. அவற்றை நவீன மெட்டல் அளவு கெயினில் வாசித்தால் உருப்படியாக வரவே வராது.

சரி, கெயின் இவ்வளவு குறைவென்றால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? ஆம்பிலிருந்து.

லண்டனில் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஃபெண்டர் ஆம்புகள் இங்கிலாந்தில் அதிக விலை. 1962-ல் அவருடைய ஆட்கள் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஒட்டி ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார்கள். பேஸ்மேன் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களோடு வந்தது. மார்ஷல், ஆம்பைத் தனியாகவும் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களை முழுக்க மூடிய பெட்டியில் தனியாகவும் வைத்தார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டதில் 100 வாட் ஆம்புகள் பிறந்தன. அந்த வரிசையில் வந்ததுதான் 1959 சூப்பர் லீட். அந்த 1959 மாடல் எண், ஆண்டு அல்ல. ஆரம்பத்தில் அதன் முகப்பு பிளெக்ஸிகிளாஸில் இருந்ததால் இன்றுவரை எல்லோரும் 'பிளெக்ஸி' என்கிறார்கள்.

அந்த ஆம்பில் கெயின் என்று ஒரு குமிழே கிடையாது. இரண்டு சேனல், நான்கு இன்புட், சேனலுக்கு ஒரு வால்யூம், பிறகு டோன் குமிழ்கள். அவ்வளவுதான். ஒலி கரகரப்பாக வேண்டுமென்றால் வால்யூமைத் திருகிக்கொண்டே போக வேண்டும். அப்போது முன்பகுதியில் உள்ள சின்ன வால்வுகள் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) மட்டும் வேலை செய்வதில்லை. கடைசிப் பகுதியில் உள்ள இஎல்34 பவர் வால்வுகள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு என எல்லாம் சேர்ந்து திணறும். அடியின் முனை மட்டும் லேசாக மழுங்கும், உடல் அப்படியே நிற்கும். கையைத் தளர்த்தி வாசித்தால் உடனே சுத்தமாகிவிடும். பெட்டிக்கு முன்னால் நின்றால் காற்று சட்டையைத் தொடும். சத்தத்தைக் குறைத்தபடியே கெயினை மட்டும் ஏற்றுவதற்கு வசதியாக மாஸ்டர் வால்யூம் வைத்த மார்ஷல்கள் 1975-ல்தான் வந்தன. உங்கள் பெடலும் சின்ன ஆம்பும் அந்தப் பிந்தைய வழியில் நடப்பவை. வழி வேறு, ஒலியும் வேறு.

இப்போது மால்கம். ஏசி/டிசி ஒலி என்றால் பள்ளிச் சீருடையில் குதிக்கிற ஆங்கஸைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அந்த இசைக்குழுவின் உயிர் பின்னால் ஆம்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மால்கம்தான். அவருடைய கிட்டார் ஒரு 1963 கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்ட். அண்ணன் ஜார்ஜ் யங்குடன் 'ஈஸிபீட்ஸ்' குழுவில் இருந்த ஹாரி வாண்டா கொடுத்தது. மால்கம் அதன் பெயின்டைச் சுரண்டி மரத்தை வெளிக்கொண்டு வந்தார். மற்றப் பிக்கப்புகளை எடுத்துப் போட்டுவிட்டு பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஃபில்டர்ட்ரான் பிக்கப் கிப்சன் ஹம்பக்கரைவிட மெலிந்த சிக்னல் தருவது, ஒலி தெளிவானது. கம்பிகள் 12-ல் (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன்) தொடங்கும் தடித்த செட், மூன்றாவது கம்பிகூடச் சுற்றுக்கம்பி. அதில் பெண்டிங் (கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றுவது) செய்வதை மறந்துவிட வேண்டியதுதான். அவருக்கு அது தேவையும் இல்லை. ஆம்பை மிகச் சத்தமாக, ஆனால் உடைகிற எல்லைக்குச் சற்று இப்பாலே வைத்து, வலது கையால் எல்லாவற்றையும் செய்தார். அவர் வாசிப்பதைத் தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட சுத்தமான ஒலி. இசைக்குழுவோடு சேர்ந்தால் இடி. 2017 நவம்பரில் அவர் இறந்தபோது நான் நாள் முழுக்க ரிதம் பகுதிகளை மட்டும் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் ரிதம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அவரைத்தான்.

ஆங்கஸ் நேர் எதிர். கிப்சன் எஸ்ஜி கிட்டார், 9-ல் தொடங்கும் மெல்லிய கம்பிகள், மார்ஷல். அவருடைய கூர்மைக்குப் பின்னால் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. மேடையில் ஓடியாட வசதியாக எழுபதுகளின் பிற்பகுதியில் கென் ஷாஃபர் உருவாக்கிய ஷாஃபர்-வேகா என்ற வயர்லெஸ் கருவியை வாங்கினார். சிக்னலை அனுப்புமுன் அமுக்கி, வாங்குமிடத்தில் திரும்ப விரிக்கிற சாதனம் அது. அந்த வேலையில் கிட்டார் ஒலி சற்றுத் தடித்து, முன்னே தள்ளிக்கொண்டு ஆம்புக்குள் போனது. அது பிடித்துப்போய் ஸ்டுடியோவிலும் அதன் வழியாகவே வாசித்தார். 1980-ல் பஹாமாஸின் நாசோ நகரில் காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில், மட் லாங்கே தயாரிப்பில், டோனி பிளாட் ஒலிப்பதிவில் 'பேக் இன் பிளாக்' பதிவானபோதும் அந்தக் கருவி இருந்தது. அது டிஸ்டார்ஷன் பெடல் அல்ல, பூஸ்ட். ஆம்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிடுகிற வேலை.

இந்தத் தள்ளுதல் அந்தக் காலத்தில் பலர் செய்ததுதான். 'பிளாக் சபாத்' டோனி அயோமி லேனி ஆம்புக்கு முன்னால் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர் (மேல் அதிர்வெண்களை ஏற்றித் தள்ளும் கருவி) வைத்தார். 'குயின்' பிரையன் மே வாக்ஸ் ஏசி30-க்கு முன்னாலும் ட்ரெபிள் பூஸ்டர்தான். எட்டி வான் ஹேலன் வேறு வழி: வேரியாக் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தை 90 வோல்ட் அருகே இறக்கினார். பழைய பேட்டிகளில் அவர் உயர்த்தியதாகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பி யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள், ஆம்ப் எரிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'லெட் ஸெப்ளின்' முதல் ஆல்பத்தைக் கேட்கிறவர்கள் கிப்சன் லெஸ் பால் கிட்டாரும் மார்ஷல் ஆம்பும் என்று அடித்துச் சொல்வார்கள். 1968-ல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஜிம்மி பேஜ் அதில் பெரும்பாலும் வாசித்தது ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரும் ஒரு சின்ன சுப்ரோ ஆம்பும். பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்கினால் ஒலி வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு ஆல்பமே உடைத்துவிடும்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு வருவோம். 100 வாட் மார்ஷலைத் திருகினால் தெருவே எழுந்து வந்துவிடும். அதற்குப் பதில் 10 வாட் டியூப் (வால்வு) ஆம்ப் வாங்கினால் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வாட் பத்தில் ஒன்றானாலும் காதுக்குச் சத்தம் பாதி அளவுதான் குறையும். அப்பார்ட்மெண்டில் அதுவும் அதிகம். அதனால் கணினியிலோ ஃபோனிலோ ஆம்ப் சிமுலேட்டர் (ஆம்பின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) போட்டு ஹெட்போனில் கேட்பதுதான் நடைமுறை. பிளெக்ஸி மாடலையும் செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் போட்ட 4x12 (நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்) பெட்டியையும் தேர்ந்தெடுங்கள். ஹை-கெயின் மாடல்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

சின்ன ஆம்பிலேயே வாசிப்பதென்றால் மிட் (நடு அதிர்வெண்) குமிழை நன்றாக மேலே வையுங்கள், பாஸைக் குறையுங்கள். தணிந்த சத்தத்தில் காது கீழ் அதிர்வெண்களைச் சரியாகப் பிடிக்காது. அதனால் தனியறையில் எல்லோருக்கும் பாஸை ஏற்றி மிட்டை இறக்கத் தோன்றும். அதே செட்டிங்கோடு டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் இருக்கிற இடத்துக்குப் போனால் உங்கள் கிட்டார் காணாமல் போய்விடும். கீழே இருப்பது அவர்களுடைய இடம், நடுவில் இருப்பது நம் இடம். கிட்டாரின் வால்யூமையும் எப்போதும் 10-ல் வைக்காமல் 7-ல் ரிதம் வாசியுங்கள், லீடுக்கு ஏற்றுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றொன்றை முழுக்க வலப்பக்கமும் தள்ளிவிடுங்கள். ஒன்றில் கெயின் மிகக் குறைவாக இருக்கட்டும், மற்றொன்றில் கொஞ்சம் கூட. ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் பலன் இல்லை. இரண்டு கைவாசிப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுதான் அந்த அகலத்தைத் தருகிறது. தனியாகக் கேட்டபோது மெலிந்திருந்த இரண்டு கிட்டார்கள் சேர்ந்ததும் எவ்வளவு கனமாகின்றன என்று நீங்களே கேட்பீர்கள். ஒற்றைக் கிட்டாரால் இரண்டு சகோதரர்களின் ஒலியை உண்டாக்கப் பார்த்ததால்தான் கெயினை ஏற்றிக்கொண்டே போக வேண்டி வந்தது.

உங்கள் டிஸ்டார்ஷன் பெடலை விற்க வேண்டாம். அதில் டிஸ்டார்ஷன் குமிழை அடியோடு இறக்கி, லெவல் குமிழை முக்கால்வாசி ஏற்றி, ஏற்கெனவே லேசாகக் கரகரக்கிற ஆம்ப் செட்டிங்குக்கு முன்னால் வையுங்கள். சோலோ வரும்போது மட்டும் மிதியுங்கள், ரிதம் வந்ததும் அணைத்துவிடுங்கள். பெடலைப் பொறுத்து ஒலி கொஞ்சம் மாறும், ஆனால் பூஸ்டருக்குத் தனியாகச் செலவு செய்யும் முன் இதை ஒரு மாதம் பழகிப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் 10 அல்லது 11 கேஜ் கம்பி செட் ஒன்றும், வளையாத கெட்டிப் பிக்குகள் சிலவும் வாங்கிக்கொள்ளுங்கள்.