மாஃபுஷியில் சைவச் சாப்பாடு: பஜ்ஜியாவைச் சமோசா என்று நம்ப வேண்டாம்

கேள்வி: மாலத்தீவின் மாஃபுஷி தீவில் 5 இரவு தங்குகிறோம். நான்கு பேரில் இருவர் சைவம். அறையில் கெட்டில் மட்டும் உண்டு. மூன்று வேளைச் சாப்பாட்டையும் விடுதியிலேயே சொல்லிவிடலாமா?

பதில்: காலை உணவை மட்டும் அறை வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற வேளைக்கு உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் டீக்கடைகள் போதும். அவற்றை அங்கே ‘ஹோட்டா’ என்பார்கள்.

சைவர்களுக்குச் சிக்கலே அங்கேதான். கண்ணாடிப் பெட்டியில் முக்கோணமாக இருக்கும் பஜ்ஜியா பார்க்க அசல் சமோசா. உள்ளே சூரை மீன். போண்டா போல உருண்டையாக இருக்கும் குல்ஹாவிலும் தேங்காயோடு மீன்தான். காலையில் தரும் மஸ் ஹுனி, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு சூரையைப் பிசைந்தது. முன்கூட்டியே பிசைந்து வைத்துவிடுவதால் மீனில்லாமல் கேட்டுப் பயனில்லை. ரொஷி (நம் சப்பாத்தியேதான்), வாழைப்பழம் என்று முதல் நாள் இரவே சொல்லிவையுங்கள். ‘வெஜ்’ என்றால் இறைச்சி இல்லை என்று மட்டும் புரிந்துகொள்பவர்கள் உண்டு. ‘மஸ்’ என்றால் மீன். அந்தச் சொல்லையே சொல்லி வேண்டாம் என்று மறுங்கள். பருப்பு, சம்பல் வந்தாலும் மாசி போட்டதா என்று கேளுங்கள். இலங்கையில் சம்பலுக்கு இடிக்கும் அதே மாசிக்கருவாடுதான்.

விடுதி உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10% சேவைக் கட்டணமும் அதன் மேல் 17% சுற்றுலா வரியும் தனி. 20 டாலர் சாப்பாடு பில்லில் 25.74 டாலர் ஆகும்.

மளிகையில் காய், பால் எல்லாம் படகில் வருபவை. படகு தாமதித்தால் தக்காளிக் கூடை காலி. தர்ப்பூசணியும் பப்பாளியும் மட்டும் தைரியமாக வாங்கலாம், அவை மாலத்தீவிலேயே ‘தொட்டு’ என்ற தீவில் விளைகின்றன. கெட்டில் வெந்நீரில் ஆகிற ரெடிமேட் உப்புமா, அவல், ஊறுகாய் ஊரிலிருந்தே போகட்டும். மது, பன்றி இறைச்சி கொண்டுபோகக் கூடாது.

டாலர் வாங்குவார்கள், ஆனால் 15.42 ரூஃபியா பெறும் டாலரை 15 என்று முழுசாக்கும் கடைகள் உண்டு. சில்லறைச் செலவுக்கு ரூஃபியாவே நல்லது. அதையும் அளவாக மாற்றுங்கள், ஊருக்கு வந்தபின் மாற்ற முடியாது.

தொழுகை நேரத்தில் கடைகள் கால் மணி நேரம்போல மூடும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடியும்வரை ஒன்றும் கிடைக்காது, வியாழன் இரவே வாங்கிவிடுங்கள். ரமலான் மாதமென்றால் பகலில் ஹோட்டாக்கள் திறக்காது. அப்போது மட்டும் விடுதியிலேயே மூன்று வேளையும் சொல்லிவிடுங்கள்.