சிரானோ, ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

'சிரானோ தெ பெர்ஜராக்' நாடகத்தை ஆங்கிலத்தில் படித்தேன். தன் நீண்ட மூக்கை நினைத்துக் கூசி, இருட்டில் ஒளிந்து நின்று, இன்னொருவனுக்காக ரொக்ஸானிடம் சிரானோ காதல் பேசும் இடத்தில் அழுதுவிட்டேன். அவர் நிஜமாக வாழ்ந்த எழுத்தாளர் என்பது பிறகுதான் தெரிந்தது. தேடிப் பார்த்தால் அந்தக் காதலே கற்பனையாம். நாடகத்தை எழுதிய ரோஸ்தான் செய்தது சரியா?

க.

அன்புள்ள க.,

காதல் மட்டுமா, ஊரும் கற்பனைதான். நாடகத்தில் வருபவன் பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள காஸ்கனிக்காரன். நிஜ சவின்யன் தெ சிரானோ 1619இல் பாரிஸில் பிறந்தவர், மீன் வியாபாரியின் பேரன். பெர்ஜராக் என்பது பாரிஸை அடுத்து அந்தக் குடும்பத்துக்கு இருந்த நிலத்தின் பெயர். தெற்கே உள்ள பெர்ஜராக் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அங்கே சிலை வைத்திருக்கிறார்கள்!

வாள் உண்மை. 1640இல், வட பிரான்ஸில் உள்ள அராஸ் நகர முற்றுகையில் கழுத்தில் வெட்டு வாங்கினார். தனியாளாக நூறு பேரை விரட்டினார் என்று எழுதியவர் நண்பர் லெ ப்ரே. நண்பர் கணக்கு, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கணவர் அதே அராஸில் இறந்தார், அவள் பக்தியில் மூழ்கினாள். அவளை வைத்து உருவானவள்தான் ரொக்ஸான். காதல் ரோஸ்தான் சேர்த்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

என் வருத்தம் வேறு. சிரானோ நிலவுப் பயணம் ஒன்று எழுதினார். பனித்துளி நிரப்பிய குப்பிகளை உடம்பில் கட்டிக்கொண்டு கதைசொல்லி மேலே போகிறான். வெயில் பனியை இழுக்குமே, அதுதான் கணக்கு. கிளம்பியது பாரிஸ் பக்கம், இறங்கியதோ கனடாவில். இடையில் பூமி சுற்றிவிட்டது! பிறகு வாணம் கட்டிய பொறியில் ஏறி நிலவுக்கே போய்விடுகிறான். அங்கே சாப்பாட்டுக்குக் கவிதைதான் காசு. பெரிய மூக்கு அறிவாளியின் அடையாளம். நம் பூமியையும் ஓர் உலகம் என்று சொன்ன குற்றத்துக்காக, 'அது வெறும் நிலவுதான்' என்று அவனைத் தெருத்தெருவாக அறிவிக்க வைக்கிறார்கள். பூமி சுற்றுகிறது என்ற கலீலியோவைத் திருச்சபை மண்டியிட வைத்தது 1633இல். யாரைக் குத்துகிறார் என்பது அன்றைய வாசகருக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும். சிரானோ 1655இல், 36 வயதில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து லெ ப்ரே அந்தப் புத்தகத்தை அச்சிட்டபோது வம்பான பகுதிகளை வெட்டிவிட்டார்.

இந்தப் புத்தகம் நாடகத்தில் எங்கே வருகிறது தெரியுமா? மூன்றாம் அங்கத்தில். உள்ளே ரொக்ஸானின் கல்யாணம் முடியும்வரை, அவள்மேல் கண்வைத்த பிரபு தெ கீஷைத் தெருவில் நிறுத்திவைக்க வேண்டும். நிலவிலிருந்து விழுந்தவன்போல் சிரானோ உளறுகிறான், பனிக்குப்பிகளும் வருகின்றன. காட்சி பிரமாதம், நானும் சிரித்தேன். ஆனால் திருச்சபைக்கு அஞ்சி வெட்டப்பட்ட புத்தகம் அங்கே நேரம் கடத்தும் தந்திரமாகிவிட்டது. 1897 டிசம்பர் 28 அன்று பாரிஸில் நாடகம் அரங்கேறியது முதல் உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் காதலன்தான்.

சரியா என்று கேட்டீர்கள். கடைசி அங்கத்தை மறுபடி பாருங்கள். சிரானோ சாகும் தறுவாயில், நகைச்சுவை நாடகாசிரியர் மோலியேர் அவருடைய காட்சி ஒன்றைத் திருடிவிட்டதாக நண்பன் ரக்னோ வந்து அழுகிறான். எடுத்தது உண்மைதான். ஆனால் மோலியேரின் அந்த நாடகம் மேடையேறியது 1671இல்; நிஜ சிரானோ செத்துப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. நாடகத்தில் அதைக் கேட்ட சிரானோ கோபப்படவில்லை, காட்சி எடுபட்டதா என்றுதான் விசாரிக்கிறான்.