அவருக்குத் தெரியாது, சரி. எனக்கு வலித்ததே?

(வாசகர் கேள்விகளுக்கு காவேரிப்பட்டினத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் எழுதும் பகுதி. முதல் கடிதம் கோடு போட்ட தாளில் ஆறு பக்கம். சுருக்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.)

டீச்சர், எனக்கு வயது 36. பாலக்கோடு பக்கம். என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்று புகார் வந்துகொண்டே இருந்ததால் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஏடிஹெச்டி என்றார், கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் மூளைக் கோளாறாம். அவனைப் பற்றி அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'இது நான்தானே' என்று எனக்குள் ஓடியது. மூன்று மாதம் கழித்து எனக்கும் அதுதான் என்று உறுதி செய்தார்கள். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. சந்தோஷமா, துக்கமா, இன்னும் தெரியவில்லை.

சின்ன வயதில் எல்லாவற்றையும் தொலைப்பேன். சிலேட்டு, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ரேஷன் கார்டு. அப்பா புளிய விளாரை உருவிக்கொண்டு வருவார். ரேஷன் கார்டு தொலைந்த அன்று மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி, 'அவருக்கு அப்ப என்னக்கா தெரியும், மன்னிச்சுட்டு வந்து பாத்துக்கோ' என்கிறான். அப்பாவுக்கும் இதே பிரச்சினை இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைத் தம்பியிடம் சொன்னது என் தப்பு. 'பாத்தியா, அவரும் உன்ன மாதிரிதான். அப்புறம் உனக்கு எதுக்குக் கோபம்?' என்கிறான். எனக்குக் கோபம் போகவில்லை. நான் கெட்டவளா?

இல்லை கண்ணு. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன், மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறுக்க வேண்டாம். உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே ஏடிஹெச்டி என்ற பெயர் ஏறியது 1987-ல்தான். நம் நாட்டில் 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தவை ஏழே வகை. ஆட்டிசமும் கிடையாது, கற்றல் குறைபாடும் கிடையாது. 2016-ல் வந்த சட்டம்தான் அதை 21 ஆக்கி இரண்டையும் சேர்த்தது. அந்த 21-லும் ஏடிஹெச்டி தனியாக இல்லை. தில்லியில் சட்டம் எழுதியவர்களுக்கே தெரியாததைப் பாலக்கோட்டில் மாடு வைத்துப் பிழைத்தவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் ஓடி ஆடிக் குதிப்பதாக இருக்காது. மறதி, பகல்கனவு, தொலைத்தல் என்று உள்ளுக்குள்ளேயே இருக்கும். யாரும் டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டார்கள். 'பொறுப்பில்லாத கழுதை' என்பதோடு முடிந்துவிடும்.

ஆனால் அவருக்குத் தெரியாமல் போனது நோயின் பெயர். புளிய விளார் வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். மாட்டை ஓட்டுவதற்கு அதைத்தானே எடுத்தார். வலிக்க வேண்டும் என்றுதான் உங்களுக்கும் எடுத்தார். 'அவருக்குத் தெரியாது' என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

அடுத்து அந்தப் பரம்பரை விஷயம். டாக்டர் சொன்னது நியாயமான ஊகம். ஏடிஹெச்டி குடும்பத்தில் இறங்கி வருவது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் இதில் பரம்பரையின் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை சொல்கின்றன. கோபம் சட்டென்று தலைக்கேறுவதும் இதோடு பலருக்குச் சேர்ந்தே வருகிறது. ஆக, அவர் கை ஏன் அவ்வளவு வேகமாக விளாருக்குப் போனது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வைத்துக்கொள்ளுங்கள், அது பயன்படும். ஆனால் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருப்பதை உங்களுக்குத் திருப்பிக் காட்டுகிறேன். மகன் மூன்றாவது தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்த அன்று கரண்டியைத் தூக்கிவிட்டீர்கள். அப்புறம் அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, 'அம்மா பயமுறுத்திட்டேன், தப்பு' என்று சொன்னீர்கள். உங்களுக்கும் அதே மூளைதான். உங்கள் கையில் பெயரும் டாக்டரும் இருக்கிறார்கள், அவருக்கு அது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதனால் அவர் மேல் உள்ள குற்றம் கொஞ்சம் இளகலாம். உங்கள் முதுகில் விழுந்தது இளகுமா?

காரணம் புரிவது வேறு, மன்னிப்பது வேறு. முதலாவது டாக்டரோடு பேசினால் வந்துவிடும். இரண்டாவது வரலாம், வராமலும் போகலாம். வந்தாக வேண்டும் என்று கட்டாயம் பண்ண அடித்தவருக்கே உரிமை இல்லை, தம்பிக்கு எங்கிருந்து வந்தது? தவிர, அப்பா இதுவரை கேட்கவே இல்லையே. கேட்காத கடனை வீடு தேடிப் போய்க் கொடுக்கச் சொல்கிறான் உங்கள் தம்பி. (அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் அடிவாங்காத பிள்ளை. ஓசூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோக அவனுக்கும் முடியவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை அப்படிக் கேட்டிருக்கலாம், மன்னிப்பைச் சேர்த்துக் கேட்டுவிட்டான்.)

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாரதக் கூத்து பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. சபையில் தலைமுடியைப் பிடித்து இழுக்கப்பட்டவள், முடியை முடியாமலே கடைசிவரை இருப்பாள். கடைசி நாள் மண்ணில் பெரிதாகத் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துவோம். ஊரே கூடி நிற்கும். 'போகட்டும், விட்டுடும்மா, புருஷன் கூடப் பிறந்த முறைதானே' என்று திரௌபதியிடம் ஒரு ஆளும் சொன்னதில்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். பொறுத்துப்போகச் சொல்வது வீட்டில் இருக்கும் பெண்ணைத்தான். ரத்தம் பூசி முடியச் சொல்கிறேன் என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். கோபத்தோடு இருப்பவளைக் கும்பிடவும் தெரிந்த ஊர் இது என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது என் கதை. நான் விளார் எடுத்த பக்கத்து ஆள்.

1994-ல் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு எடுத்தேன். ஒரு பையன் இருந்தான். 'கொக்கு' என்று எழுதச் சொன்னால் கொம்பு பின்னால் வரும், கால் முன்னால் வரும். கரும்பலகையைப் பார்த்து எழுதினாலும் அப்படித்தான். அதே பையன், கிலோ இன்ன விலை என்றால் பதினேழரைக் கிலோ புளிக்கு எவ்வளவு என்று நான் சுண்ணக்கட்டியை எடுப்பதற்குள் சொல்லிவிடுவான். இவ்வளவு தெரிந்தவன் வேண்டுமென்றேதான் தப்பாக எழுதுகிறான் என்று முடிவு செய்தேன். மர ஸ்கேலைத் திருப்பி, அதன் விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பேன். ஒரு வருடம் முழுக்க. எட்டாவதோடு அவன் நின்றுவிட்டான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பயிற்சியில் டிஸ்லெக்சியா பற்றி, அதாவது அறிவு இருந்தும் படிக்க, எழுத மட்டும் தடுமாறும் கற்றல் குறைபாடு பற்றி வகுப்பு எடுத்தார்கள். மதிய இடைவேளையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-ல் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு வந்தபோது ஆசிரியர் அறையில் பலர் முணுமுணுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு ஜூன் மாதம், மாங்காய் சீசனில், சந்தூரில் அவனைப் பார்த்தேன். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டி, கூழ் ஃபேக்டரிக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தது. அவன்தான் டிரைவர். நான் கிட்டப் போய், 'தம்பி, உன்னை அடிச்சது தப்பு, எனக்கு அப்ப தெரியல, மன்னிச்சுடுப்பா' என்றேன். அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். 'வெயில்ல நிக்காதீங்க டீச்சர், அங்க நிழல் இருக்குது' என்று கையைக் காட்டிவிட்டுத் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அன்று எனக்குக் கோபம்கூட வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய மனுஷி கேட்டேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன? யோசிக்க யோசிக்கத்தான் தெரிந்தது, 'எனக்கு அப்ப தெரியல' என்பதை அவன் கேட்காமலே நடுவில் செருகியது நான். அவனுக்காகக் கேட்கவில்லை, ராத்திரித் தூக்கத்துக்காகக் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அவன் மனைவி தன் மகளை என்னிடம் படிக்கக் கூட்டிவந்தாள். அந்தக் குழந்தைக்கும் எழுத்து இடம் மாறுகிறது. மணலில் எழுதிப் பழக்குகிறோம், அட்டையில் வெட்டிய எழுத்தைத் தடவிப் பழக்குகிறோம். பத்தாம் வகுப்பு வரும்போது கூடுதல் ஒரு மணி நேரத்துக்கும், சொல்வதை எழுதும் ஆளுக்கும் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். சாயங்காலம் அவன் வந்து அழைத்துப்போவான். வண்டி தெருமுனையில் நிற்கும். ஹாரன் அடிப்பான். இன்றுவரை என் வாசல்படி ஏறியதில்லை. நானும் கூப்பிடுவதில்லை.

உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். அதையும் மன்னிப்பையும் பிரித்துவிடுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. மகன், மகள் இருவருக்கும் பொறுப்பு உண்டு. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மன்னிப்பு இல்லை. சட்டமே கேட்காததைத் தம்பி கேட்கிறான். மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் பாதிப் பணம் கொடுக்கலாம். களியும் கீரையும் செய்து கொடுத்தனுப்பலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட மனம் வரவில்லையா, அதற்கு ஆள் போடச் சொல்லுங்கள். தம்பியிடம் 'இது என்னால முடியும், இது முடியாது' என்று போனில் ஒரே தடவை சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு வாரமும் விளக்கம் வேண்டாம்.

'அடிச்ச கையே விழுந்துடுச்சு, சாமி கணக்கை முடிச்சிட்டார், இன்னும் என்ன' என்று ஒரு சித்தி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சித்தியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், டீ கொடுத்து அனுப்புங்கள்.

ஒருநாள் கோபம் தானாகக் குறைந்தால், குறையட்டும். தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். குறையாவிட்டாலும் எனக்கு மறுபடி எழுதுங்கள். ரேஷன் கார்டு கடைசியில் எங்கே இருந்தது என்று ஆறு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

(அடுத்த கடிதம், வேறொரு அம்மா.) ஓசூரில் இருக்கிறோம். என் மகன் இரண்டாம் வகுப்பு. அவன் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இவன் கையைக் கடித்துவிட்டான், பல் பதிந்துவிட்டது. அவன் அம்மா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மிஸ் என் மகனை 'பரவால்ல' என்று சொல்ல வைத்தார். அவன் வீட்டுக்கு வந்து 'பரவால்ல இல்லம்மா' என்று அழுகிறான்.

உங்கள் பையன் சொன்னதுதான் சரி. பல் பதிந்த கை பரவாயில்லை ஆகாது. 'எனக்கு வலிச்சுது, கடிக்கக் கூடாது' என்று அவன் சொல்லலாம், அந்தப் பையனிடமே சொல்லலாம். சின்ன வாக்கியமாக, நேராகச் சொன்னால் அவனுக்கும் நல்லது. சுற்றி வளைத்த 'பரவால்ல'தான் அவனைக் குழப்பும்.

மிஸ் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது? மணி அடித்ததா, வரிசையில் நெருக்கினார்களா? ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு நமக்குச் சாதாரணமாகத் தெரியும் சத்தமும் தொடுதலும் தாங்காது. சொல்ல வார்த்தை வராதபோது பல் வந்துவிடும். அவனை வரிசையின் கடைசியில் விடுவது, மணி அடிப்பதற்கு முன்பே சொல்லிவைப்பது, இதெல்லாம் பள்ளியின் வேலை. பள்ளி செய்யாததை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் மன்னிப்பால் அடைக்கப் பார்க்கிறார்கள்.

அந்த அம்மாவை அடுத்த முறை கைகூப்ப விடாதீர்கள். அம்மாவின் பாசம் பற்றாமல்தான் ஆட்டிசம் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் 1960-களில் சொல்லி, உலகமே நம்பியது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964-ல் அதை மறுத்து எழுதினார், பின்னால் வந்த ஆராய்ச்சியும் அவர் பக்கமே நின்றது. அந்த அம்மாக்களிடம் யாரும் வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மிக்சியை மட்டும் அப்போது ஓட்டாதீர்கள்.

அரூர். வயது 29. எனக்கும் ஏடிஹெச்டி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன், இந்த மாதம் மூன்று முறை கருகிவிட்டது. 'என் மூளை அப்படி, மன்னிச்சுக்கோ' என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். மனைவி முடியாது என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அவருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். விசில் அடிக்கும் பால் குக்கர் பாத்திரக் கடையில் கிடைக்கும், நாளைக்கே வாங்குங்கள். அது வரும்வரை பாலை வைத்தால் அடுப்பை விட்டு நகராதீர்கள், போனைக்கூட வேறு அறையில் வையுங்கள். மூளை அப்படித்தான், நம்புகிறேன். கருகிய பாத்திரத்தைத் தேய்ப்பது யார் என்று எழுதவில்லையே?